காலண்டரில் நான் போட்ட சிவப்பு வட்டம்

லோகா,

இதைப் படித்து முடிக்கும்வரை எனக்குப் போன் செய்யாதே. போனில் நான் வாயைத் திறந்தால் போதும், "ஓகேம்மா, ஓகேம்மா" என்று சொல்லியே என்னை மூட்டை கட்டி அனுப்பிவிடுவாய். நேற்றும் அதைத்தான் செய்தாய். காகிதத்தை அப்படிப் பாதியில் நிறுத்த முடியாது. உன் கல்யாணப் பத்திரிகைகளுக்கு முகவரி எழுதியதோடு பேனாவை மூடி வைத்தவள், இன்று ஆயர் ஈத்தாமில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஷர்மியைத் திட்டாதே. உனக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு ஒரு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள் அந்தப் பெண். நேற்று மத்தியானம் அவளால் முடியவில்லை. "அத்தே, அவருக்கு வெளிக்குப் போறப்போ ரத்தம் வருது. ரெண்டு மாசம் ஆச்சாம். டாக்டர்கிட்டப் போலாம்னா, தைப்பூசம் முடியட்டும், கார்டோட வெயிட்டிங் பீரியட் முடியட்டும், அது வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதன்னு சொல்றாரு." இதைச் சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது, அதை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு நினைவிருக்கும். "அம்மா, இன்னும் ஆறு வாரந்தான் லா. ஆஸ்பத்திரி கவுண்டர்ல அத்தனை வருஷம் உக்காந்தவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா? இப்போ போயி டாக்டர் எழுதிட்டா கார்டு இதுக்கு உதவாது." சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஏதோ ஏர்கோன் சர்வீசுக்கு ஆள் காத்திருக்கிறார் என்றாய்.

நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாய். தொழிற்சாலை வேலையை விட்டபோது கம்பெனி கொடுத்த கார்டும் போய்விட்டது. சொந்தமாக இந்த ஏர்கோன் தொழில் தொடங்கிய கையோடு இன்சூரன்ஸ் கம்பெனியில் புது மெடிக்கல் கார்டு எடுத்தாய். அந்தக் கார்டில் சில வியாதிகளுக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்குள் டாக்டர் கண்டுபிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி செலவைக் கட்டாது, அதற்குப் பிறகு கண்டுபிடித்தால் கட்டும். கார்டு எடுத்து மூன்றாவது வாரத்தில் உனக்கு இரத்தம் வர ஆரம்பித்தது. ஆகவே வாயை மூடிக்கொண்டாய். இந்தக் கணக்கை உனக்கு ஏஜெண்டு சொல்லிக்கொடுக்கவில்லை, நண்பர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது. இதே மேசையில் வைத்துத்தான்.

உனக்கு அப்போது பதின்மூன்று வயது. டவுனில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் அட்மிஷன் கவுண்டரில் எனக்கு அது எட்டாவது வருஷமோ ஒன்பதாவது வருஷமோ. வருகிறவர் எந்த நிலைமையில் வந்தாலும் அவருடைய வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன் நான் கேட்க வேண்டிய கேள்வி, மெடிக்கல் கார்டு இருக்கிறதா என்பது. தமிழிலும் மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும் அதைக் கேட்க எனக்குத் தெரியும். கார்டு இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுவோம். நாங்கள் கட்டுகிறோம் என்று அவர்கள் கடிதம் அனுப்ப வேண்டும். அன்று பட்டர்வொர்த்திலிருந்து ஒரு லாரி டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி ஒரு பிளாஸ்டிக் பையில் சாரோங்கும் துண்டும் வைத்துக்கொண்டு என் கவுண்டருக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கடைசியில் கம்பெனியிலிருந்து மறுப்புத்தான் வந்தது. கார்டு எடுப்பதற்கு முந்திய மாதம் இருமலுக்காக ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அங்கே பேச்சுவாக்கில் நெஞ்சு வலியைப் பற்றிச் சொல்ல, டாக்டர் அதை ஒரு வரியாக எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு வரிதான். அவர்களை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். பாவம் என்று சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாவத்தைவிட என் கெட்டிக்காரத்தனம்தான் அதில் அதிகமாக இருந்தது. "டாக்டர்கிட்ட சொன்னாத்தான் அது வியாதி. சொல்லாத வரைக்கும் ஒண்ணுமே இல்ல" என்றேன். உங்க அப்பா சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் பெரிய விஷயம் தெரிந்தவளைப் போலக் குழம்பை ஊற்றினேன். நீ அந்த வாக்கியத்தை மறக்கவில்லை என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

கவுண்டரில் உட்கார்ந்தால் ஒன்று புரியும். கார்டு எடுப்பவர்கள் புத்திசாலிகளும் இல்லை, எடுக்காதவர்கள் முட்டாள்களும் இல்லை. அண்ணன் தம்பி யாராவது பெட்டில் கிடந்ததைப் பார்த்தவர் மறுவாரமே கார்டு எடுத்துவிடுவார். வீட்டில் எல்லாரும் திடகாத்திரமாக இருந்தால் அந்தக் காசில் கார் மாற்றலாம் என்று தோன்றும். தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் தெரிந்து, அதை யாரிடமும் சொல்லாமல் வேகவேகமாகக் கார்டு எடுப்பவர்களும் உண்டு. ஏஜெண்டு சொந்தக்காரர் என்பதால் முகத்துக்காக எடுப்பவர்கள் உண்டு, அதே காரணத்துக்காக எடுக்காதவர்களும் உண்டு. நம் வீடு அந்தக் கடைசி வகை.

உங்க அப்பாவின் சித்தப்பா மகன் பாலா, உன் பாலா சித்தப்பா, ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு சாப்பிட வந்து, போகும்போது பையிலிருந்து இன்சூரன்ஸ் ஃபாரத்தை எடுப்பார். உங்க அப்பா ஒவ்வொரு வருஷமும் ஒரே பதிலைச் சொல்வார். "கார்டு எடுக்கறது வியாதிய வெத்தல பாக்கு வச்சு அழைக்கற மாதிரிடா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஒரு வெள்ளி காசு கட்டினாப் பாக்கறாங்க, எனக்கு அது போதும்." இது வெளியில் சொல்லும் காரணம். உள்ளே இருந்தது வேறு. அந்த ஃபாரத்தில் உடம்பைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி இருக்கும். மூலம் உண்டா, சர்க்கரை உண்டா, சிறுநீரில் ஏதாவது உண்டா. தம்பி முறைக்காரன் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து, இவர் ஆமாம் இல்லை என்று சொல்ல, அவன் எழுத வேண்டும். எழுதியதை அவன் வீட்டில் சொல்வான், அவன் வீட்டிலிருந்து கோயில் கமிட்டிக்குப் போகும், கோயிலிலிருந்து இவருடைய ஸ்கூல் வேனில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்குப் போகும். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் எவர் பிள்ளையை ஏற்றுவார்? இதை அவர் என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. நானும் வற்புறுத்தவில்லை. எனக்கு மருத்துவமனையிலேயே சலுகை இருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை என்பதை நான் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன்.

இனி எழுதப்போவதை உனக்கு நான் ஒருபோதும் சொன்னதில்லை. அப்பாவுக்குத் திடீரென்று வந்தது, கண்டுபிடிக்கும்போதே முற்றிவிட்டது என்று உனக்குச் சொன்னேன். ஊருக்கும் அதையே சொன்னேன். அது பொய், லோகா.

நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம். துணி துவைக்கும்போதுதான் பார்த்தேன். கேட்டேன். கொஞ்ச நாளாக வருகிறது, காரம் அதிகமாகிவிட்டது, சூடு என்றார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "ஒரு மாசம் இருக்கும்" என்றார். நான் மருத்துவமனைக்காரி. அது எதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் நான் செய்திருக்க வேண்டியது அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் உட்காரவைப்பது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாலாவுக்குப் போன் போட்டேன். "பாலா, அண்ணன் மனசு மாறிட்டாரு, ஃபாரத்தைக் கொண்டுவா" என்றேன்.

பாலா சந்தோஷமாக வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கேள்விகளைப் படிக்க வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன், எனக்கு ஃபாரம் எழுதிப் பழக்கம் என்று வாங்கிக்கொண்டேன். உங்க அப்பாவின் கூச்சத்துக்கு இடம் கொடுப்பதைப் போல நடித்தேன். மலத்தில் இரத்தம் உண்டா என்ற கேள்விக்கு நேராக, கவுண்டரில் எழுதும் அதே முத்து முத்தான எழுத்தில், இல்லை என்று எழுதினேன். உங்க அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினேன், அவர் போட்டார்.

உனக்கு அந்த மளிகைக் கடை காலண்டர் நினைவிருக்கிறதா? ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அதில் நான்கு மாதம் தள்ளி ஒரு தேதியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தேன். நீதான் கேட்டாய். "எதுக்கும்மா இந்த வட்டம்?" வேன் ரோட் டேக்ஸ் என்றேன். நீ நம்பினாய். அந்த வட்டத்தை நோக்கி நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு நாளாகத் தள்ளினோம். அவர் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் பெரிய ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் வருவார், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. உள்ளே திரும்பியிருந்தால் போதும். திரும்பக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். "அங்க எழுதிட்டாங்கன்னா இவங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்றேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். நீ அதைக் கூடக் கவனித்து, அப்பா ஸ்லிம் ஆகிட்டாரு என்று கேலி செய்தாய். நான்காவது மாதம் ஒரு நாள் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாராம். பின்னால் இருந்த பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு, "போதும் லா, நாளைக்குப் போயிரலாம்" என்றார். இன்னும் இருபத்தாறு நாள்தான் என்றேன். நாளைக்கு என்று அவர் சொன்னதும் இருபத்தாறு நாள் என்று நான் சொன்னதும் இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கின்றன.

வட்டம் போட்ட தேதிக்கு மறுநாள் என் மருத்துவமனைக்கே அழைத்துப் போனேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன். உங்க அப்பா, வாழ்க்கையில் வேன் பிள்ளைகளிடம்கூடப் பொய் சொல்லாத மனுஷன், "ரெண்டு வாரமா" என்றார். இரண்டு நாள் கழித்து ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு அந்த டாக்டர் முதலில் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். யூனிஃபார்மில் இருந்தேன். குடலில் தொடங்கி ஈரல்வரை போயிருந்தது. நாங்கள் மறைத்தது டாக்டருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

கார்டு வேலை செய்தது, லோகா. கம்பெனிக்காரர்கள் விசாரித்தார்கள். எந்தக் கிளினிக்கிலும் ஒரு வரி இல்லை, ஆகவே கட்டினார்கள். என் கணக்கு கொஞ்சமும் தப்பவில்லை. தனி அறை, ஏர்கோன், ஜன்னலைத் திறந்தால் கொடிமலை. ஐந்து மாதம் இருந்தார். ஒரு நாள்கூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நன்றாக இருந்திருப்பேன். நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. பிழைத்திருப்பார் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

அதற்குப் பிறகு நீ ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தாய். காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய். அம்மா முன்யோசனையாகக் கார்டு எடுத்து வைத்ததால்தான் அப்பாவைக் கடைசிவரை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள முடிந்தது என்றாய். உன் கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் பட்டுப் புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கதை எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதனால் விட்டுவிட்டேன். நான் விட்டுவைத்த பொய்யை நம்பித்தான் நீ இப்போது இரத்தத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வேலைக்குப் போகிறாய்.

நேற்று முழுக்க யோசித்தேன். உனக்கு எத்தனை தடவை போன் செய்தாலும் ஆறு வாரந்தான் என்பாய். வீட்டுக்கு வந்து காலில் விழுந்தாலும், சரிம்மா அடுத்த வாரம் என்பாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், அது என்னுடையது. ஆகவே இன்று விடிந்ததும் ஃபெரி ஏறி, அக்கரையில் ரயில் பிடித்து, நிபோங் திபாலில், உனக்குக் கார்டு எடுத்துக் கொடுத்த பாலா வீட்டுக்குப் போனேன். அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணி, இவ்வளவு காலையில? சொல்லியிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேனே" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். நான் உன்னுடைய விஷயத்தைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணி, நீங்க வந்தீங்க, காப்பி குடிச்சீங்க, போனீங்க. வேற எதுவும் என் காதுல விழல."

"விழணும் பாலா. அதுக்குத்தான் வந்தேன்."

"ஆறு வாரம் அண்ணி. ஆறு வாரத்துல என்ன ஆயிரப் போவுது? பையன் இப்பத்தான் தொழில் தொடங்கியிருக்கான். நீங்க இதைச் சொல்லிட்டா இந்த வியாதிக்குக் கார்டு நிக்காது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

உங்க அண்ணனுக்கும் நான் இப்படித்தான் நாள் எண்ணினேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். துணி துவைத்தது, ஃபாரம், வட்டம், இருபத்தாறு நாள். பாலா மெதுவாக, "அண்ணன் கதையைச் சொல்லித்தான் அண்ணி நான் எத்தனையோ வீட்ல கார்டு எடுக்க வச்சேன். லோகாவுக்கும் அதைத்தான் சொன்னேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்பெனிக்கு என்று நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை அவர் கையில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். தன் கையால் உனக்குக் கெடுதல் செய்ய முடியாது என்றார். ஆனால் என்னைக் காரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "பீச் ஸ்திரீட் கம்பெனி ஆபீஸ்ல அஞ்சு மணி வரைக்கும் ஆள் இருக்கும் அண்ணி" என்றார்.

ஃபெரியை விட்டு இறங்கி நேராக அங்கேதான் போனேன். கவுண்டரில் ஒரு சின்னப் பெண், நம்ம பெண்தான். கடிதத்தைப் படித்தாள். என் மகனுக்கு இன்ன தேதியிலிருந்து இரத்தம் போகிறது, அது கார்டு எடுத்த மூன்றாவது வாரம், அவனுடைய அப்பா குடல் புற்றுநோயில் இறந்தவர், இதை அவன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். அவள் தலையைத் தூக்கி, "ஆண்டி, கார்டு உங்க மகன் பேர்ல இருக்கு. அவரு வரலையா? இத நான் வாங்கிட்டேன்னா ஃபைல்ல ஏறிடும்" என்றாள். எத்தனை பேரை நான் அதே குரலில் எச்சரித்திருக்கிறேன். "ஏறணும்மா. சாப்பு குத்திக் கொடு" என்றேன். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்தி, தேதி போட்டு, நகலைக் கொடுத்தாள்.

அந்த நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சாப்பைப் பார், இன்றைய தேதி. நீ தைப்பூசம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தாலும், அதற்கு மறுவாரம் உனக்குக் கிடைக்கப்போவது ஒன்றும் இல்லை. நீ எதற்காகக் காத்திருந்தாயோ அதை நான் எடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல், உனக்குத் தெரியாமல், உன் பெயரில் இருப்பதை எடுத்தேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஷர்மியிடம் காட்டாதே, என்னிடம் காட்டு. உங்க அப்பா விஷயத்தில் நான் செய்ததற்கும் சேர்த்துக் காட்டு. அதை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. யார் கேட்டாலும் எடுங்கள் என்றுதான் சொல்வேன். உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்து, உள்ளதை எழுதி, அலமாரியில் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டிய காகிதம் அது. அதைப் பார்த்துப் பார்த்து உடம்பை நடத்தக் கூடாது. நான் அதைத்தான் செய்தேன். உன் கார்டு இனியும் இருக்குமா, மற்ற வியாதிகளுக்காவது நிற்குமா, எனக்குத் தெரியாது. அதற்காக நீயும் ஷர்மியும் கஷ்டப்பட்டால் இந்த வீட்டை விற்போம். எனக்கு ஓர் அறை போதும்.

இது வெறும் மூலமாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் என்னை ஆயுசு முழுக்கத் திட்டு, உன் பிள்ளைகளிடமும் சொல்லிச் சிரி, நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாமல் இன்னும் ஒரு நாள்கூட இருக்க என்னால் முடியாது.

நாளை காலை கெலுகோரில் உன் வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக் கதவு திறப்பதற்கு முன்னால் நான் வரிசையில் நிற்பேன். உன் பெயருக்கு நம்பர் எடுத்து வைத்திருப்பேன். அடையாள அட்டையை மறக்காதே. காலையில் ஏர்கோன் வேலை எது இருந்தாலும் ஷர்மி போன் செய்து தள்ளி வைப்பாள், அவளிடம் சொல்லிவிட்டேன்; இந்தக் கடிதத்தையும் இன்று ராத்திரியே அவள் கையில் சேர்த்துவிடுவேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள். அப்பாவுக்கு இருந்தது என்பதை முதலில் சொல், சீக்கிரமாக அனுப்புவார்கள்.

டாக்டர் அறைக்குள் நானும் வருவேன். பக்கத்தில் உட்காருவேன், வாயைத் திறக்க மாட்டேன். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று அவர் கேட்பார். நீ சரியான நாளைச் சொல்.

அம்மா